டிஎன்டி வைத்த வீடு: கேமிங் பிராங்க் வீடியோக்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

போன கோடை விடுமுறையில் என் தங்கை மகன் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தான். அவனுக்கு ஏழு வயது, என் மகளுக்கு ஒன்பது. ஆளுக்கொரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபையில், கட்டைகளை அடுக்கி வீடு வாசல் கட்டுகிற மைன்கிராஃப்ட் கேமில் ஒரே உலகத்துக்குள் போய் விளையாடுவார்கள். அவன் ஒரு வாரம் உட்கார்ந்து வீடு ஒன்று கட்டினான். மரப்பலகைச் சுவர், கண்ணாடிக் கூரை, வாசலில் எலும்பு போட்டுப் பழக்கிய இரண்டு நாய்கள், அவற்றுக்கு மணி, ஜிம்மி என்று பெயர் வேறு. எட்டாம் நாள் சாயங்காலம் வாசலில் கால் வைத்தான், உஸ்ஸென்று ஒரு சத்தம், நாலு விநாடி, டமார். என் மகள் வாசல்படியில், மிதித்தால் இயங்குகிற பிரஷர் பிளேட் போட்டு, அதற்குக் கீழே வரிசையாக டிஎன்டி என்கிற வெடியைப் புதைத்து வைத்திருந்தாள். வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். நாய்களும் போய்விட்டன.

"பெரியம்மா, அக்கா என் வீட்ட வெடிக்க வச்சிட்டா" என்று தேம்பிக்கொண்டே ஓடி வந்தான். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள்: "பிராங்க்தாம்மா. வீடியோல அந்த அண்ணா சிரிப்பாங்கல்ல, இவன் ஏன் அழறான்?"

நடிக்கவில்லை, நிஜமாகவே குழம்பிப் போயிருந்தாள். அன்று இரவு அவள் பார்த்த வீடியோக்களை நானும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்பு, கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை, பொம்மை மாதிரி கட்டம் கட்டமான உலகம், சரி பார்க்கட்டும் என்று விட்டிருந்தவள்தான் நானும்.

முதலில், பிராங்க் என்றால் என்ன? ஒருவரை ஏமாற்றிவிட்டு, அவர் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பது. நமக்குப் புதிதில்லை. ஏப்ரல் முதல் தேதிக்கு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, 'ஏ.எஃப்.' எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, மையில் தோய்த்து, வெள்ளைச் சட்டை முதுகில் குத்திய தலைமுறை நம்முடையது. அன்று குத்துப்பட்டவன் அடுத்த பீரியடில் நம்மைக் குத்துவான், கறையோடு வீட்டுக்குப் போனால் இரண்டு பேருக்குமே அடி விழும். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வேடிக்கை பார்க்க லட்சம் பேர் கிடையாது, அதைக் காட்டி யாரும் சம்பாதிக்கவும் இல்லை. கேமிங் பிராங்க் வீடியோவில் வந்து சேர்ந்திருப்பது இந்த இரண்டும்தான்.

இந்த வீடியோக்கள் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. ஒன்று, நண்பர்கள் நாலு பேர் ஒரு சர்வரில் சேர்ந்து ஆடும்போது ஒருவனை மற்றவர்கள் கலாய்ப்பது. வீட்டுக்குள் கோழிகளை நிரப்பி வைப்பது, சுவரை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ரோஸ் கலர் கம்பளியாக மாற்றிவிடுவது, படுக்கைக்கு அடியில் குழி தோண்டுவது. இரண்டாவது, முன்பின் தெரியாதவர்களிடம் செய்வது. பொது சர்வரில் யாரோ கட்டியதை இடிப்பார்கள், இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் கிரீஃபிங். ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ மாதிரி சுடுகிற ஆட்டங்களில் இன்னொரு விதம் உண்டு, 'நூப் பிராங்க்': நன்றாக ஆடுகிற ஆள் ஒன்றுமே தெரியாதவன்போல நடித்து, குழுவில் இருக்கிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் எல்லோரையும் சுட்டு வாயடைக்க வைப்பது. பெண் குரலில் பேசி ஏமாற்றுவதும் இந்த வகைதான். மூன்றாவதில் கேம் வெறும் சாக்கு. தம்பியின் கேம் ஐடியை விற்றுவிட்டேன், அண்ணனின் ஃபோர்ட்நைட் கணக்கை அழித்துவிட்டேன், அப்பா கார்டிலிருந்து முப்பதாயிரத்துக்கு டாப்-அப் செய்துவிட்டேன் என்று வீட்டு ஆட்களை அலற வைப்பது, இல்லையென்றால் அவர்கள் கண் எதிரே பிளேஸ்டேஷனைப் போட்டு உடைப்பது. நாலாவது பேய். ராத்திரி மூன்று மணிக்கு இந்த உலகத்தைத் திறக்காதீர்கள் என்கிற ரகம்.

முதல் ரகத்தில் பாதிக்கு மேல் எனக்கே பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு நண்பர்கள் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி வாரிக்கொள்வதில் நல்ல நகைச்சுவை இருக்கிறது. ரெட்ஸ்டோன் என்று கேமுக்குள் மின்கம்பி மாதிரி வேலை செய்கிற பொருளை வைத்து அவர்கள் கட்டும் பொறிகளில் உண்மையிலேயே மூளை வேலை செய்கிறது. ஆகவே பிராங்க் என்ற சொல்லைப் பார்த்ததும் மொத்தமாகத் தடை போட வேண்டியதில்லை.

என் மகள் பார்த்த வீடியோவுக்கு வருகிறேன். அதில் ஒருவர் மாளிகை மாதிரி வீடு கட்டியிருக்கிறார், நண்பர் அதை வெடிவைத்துத் தகர்க்கிறார், வீட்டுக்காரர் ஐயோ என்று கத்துகிறார், இரண்டு நிமிடத்தில் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது: வீட்டை இடித்தால் நண்பன் சிரிப்பான். கேமராவுக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. மைன்கிராஃப்டில் ஒரு உலகத்தை அப்படியே நகல் எடுத்து வைக்க முடியும், அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. நகல் இருந்தால் வெடித்த வீடு ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். பல வீடியோக்களில் 'ஏமாந்தவருக்கு' எல்லாமே முன்கூட்டித் தெரியும், இரண்டு பேர் திரையும் தனித்தனியாகப் பதிவாகிக்கொண்டிருக்கும், அந்த மாளிகையையே இடிப்பதற்காகத்தான் கட்டியிருப்பார்கள். ஒரே சம்பவம் இரண்டு பக்கத்திலிருந்தும் இவ்வளவு சுத்தமாகப் படமாகியிருக்கிறதே, ஏமாந்தவர் எதற்காக ரெக்கார்டிங்கை ஓட விட்டிருந்தார் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஏழெட்டு வயதில் தோன்றாது. என் தங்கை மகனுடைய உலகத்துக்கு நகல் கிடையாது.

அதனால் ஒரு வீடியோ சரியா என்று பார்க்க நான் இப்போது செய்வது, கடைசி ஒன்றரை நிமிடத்தை முதலில் பார்ப்பது. கெட்ட வார்த்தையைத் தேடிக்கொண்டு தொடக்கத்திலிருந்து உட்கார வேண்டாம், முடிவுக்குத் தாவுங்கள். ஏமாந்தவர் கடைசியில் இருக்கிறாரா? அவரும் சிரிக்கிறாரா, அந்தச் சிரிப்பு அவருடையதுதானா, அல்லது எல்லோரும் சிரிக்கிறார்களே என்று ஒட்டவைத்த சிரிப்பா? உடைந்ததைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்களா? அவர் பதிலுக்கு ஒன்று செய்ய வழி இருக்கிறதா? ஏமாந்தவர் ஒரு தடவைகூடத் திரும்பி வராமல், செய்தவர் மட்டும் 'லைக் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்று முடித்தால் அந்தச் சேனலை எடுத்துவிடலாம். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பல நாள் உழைப்பு அங்கே சாம்பலாகிக் கிடக்கிறது, அந்த ஆளே ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம்.

ஷார்ட்ஸில் இந்த வழி செல்லாது. நீள வீடியோவிலிருந்து வெட்டிப் போடும்போது அழுகிற முப்பது விநாடி மட்டும் மிஞ்சும், 'சும்மா சொன்னேன்டா' என்று கட்டிப்பிடிக்கிற இடம் இருக்காது. என் கணக்கில் சின்னப் பிள்ளைகளுக்கு முழு வீடியோவைவிட ஷார்ட்ஸ்தான் மோசம்.

மூன்றாம் ரகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அழுவது நிஜப் பிள்ளை. 2017-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் டாடிஓஃபைவ் என்ற குடும்பச் சேனல் பெரிய சர்ச்சையில் சிக்கியது. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் மையைப் படுக்கையறைத் தரையில் கொட்டிவிட்டு, நீதான் கொட்டினாய் என்று பெற்றோரே மகனை உச்சக் குரலில் திட்டுகிறார்கள், பையன் முகம் சிவந்து அழுது கெஞ்சுகிறான், அப்புறம் 'இது பிராங்க்' என்கிறார்கள். பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டு குழந்தைகள் அந்த வீட்டிலிருந்து பிரித்து அனுப்பப்பட்டார்கள், குழந்தைகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்ற வழக்கில் பெற்றோருக்கு ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் யூடியூப் தன் விதிகளைத் தெளிவாக்கியது: தனக்குப் பெரிய ஆபத்து என்று ஒருவரை நம்ப வைக்கிற பிராங்க், குழந்தைகளுக்குக் கடுமையான மன வேதனை தருகிற பிராங்க், இரண்டுக்கும் இடமில்லை.

விதி இருக்கிறது, சரி. ஆனால் தம்பியின் கேம் ஐடியை அழித்ததாகச் சொல்லி அவனை ஐந்து நிமிடம் அழ வைப்பது 'கடுமையான மன வேதனை'யா இல்லையா என்று எந்தக் கணினி தீர்மானிக்கும்? வெளியாள் ஒருவருக்கு அது வெறும் கேம். இரண்டு வருடம் ஆடிச் சேர்த்தவனுக்கு அதுதான் சொத்து. இந்த இடத்தில் உங்கள் தீர்ப்புதான் தீர்ப்பு. நான் வைத்திருக்கிற அளவுகோல் சாதாரணமானது: கேமராவை எடுத்துவிட்டுப் பார், என் வீட்டில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு இதைச் செய்தால் நான் சும்மா இருப்பேனா?

அடுத்து, வயது முத்திரை. கேமுக்கு உள்ள வயது வேறு, வீடியோவுக்கு வேறு. மைன்கிராஃப்டுக்கு ஐரோப்பாவின் பெகி அமைப்பு 7 வயது என்றும் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 10 வயது என்றும் போட்டிருக்கின்றன. அது ஆட்டத்துக்கான வயது. அதன்மேல் ஒருவர் பேசுகிற பேச்சு அந்தக் கணக்கில் வராது. இதற்குத் தலைகீழாகவும் ஒன்று நடக்கிறது. கார் திருட்டும் துப்பாக்கிச் சண்டையுமான ஜிடிஏ 5 ஆட்டத்துக்குப் பெகி 18, இஎஸ்ஆர்பி 17 என்று போட்டிருக்க, இங்கே சின்னப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிற வீடியோக்களில் ஒரு பெரும் பகுதி அதில் எடுத்ததுதான். மோட், அதாவது கேமை மாற்றுகிற கூடுதல் கோப்பு வைத்து ஷின்சானை அந்த ஊருக்குள் கொண்டுவந்து விடுவார்கள், ஷின்சான் அந்த ஆட்டத்தின் நாயகர்களில் ஒருவனான ஃபிராங்க்ளினுக்கு பிராங்க் செய்வான், கார் திருடுவான். தம்ப்நெயிலில் ஷின்சான் முகத்தைப் பார்த்துவிட்டு நாம் கார்ட்டூன் என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவோம். எந்த கேம் என்று ஒரு தடவை கேளுங்கள், பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள்.

யூடியூபே வடிகட்டித் தராதா என்றால், ஓரளவுக்குத் தரும். சாதாரண யூடியூப் கணக்கு 13 வயதுக்கு மேல்தான். சின்னவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் இருக்கிறது, இந்தியாவுக்கு 2016-ல் வந்தது, அதில் நான்கு வயது வரை, ஐந்திலிருந்து எட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று பிரித்து வைக்கலாம், நீங்களே பொறுக்கி அனுமதித்த சேனல் மட்டும் தெரியும்படியும் செய்யலாம். ஒன்பது வயது தாண்டியவர்களுக்குப் பெற்றோர் கண்காணிப்போடு கூடிய கணக்கும் உண்டு. ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு வீடியோ குழந்தைகளுக்கானதா என்று குறிப்பது பெரும்பாலும் அதை ஏற்றியவரே. அமெரிக்காவில் குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததற்காக 2019-ல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது. அப்படிக் குறித்த வீடியோவில் கமெண்ட் இருக்காது. அதனால் கீழே கமெண்ட் பகுதி திறந்திருந்தால், இது குழந்தைகளுக்கென்று எடுத்தது என்று எடுத்தவரே சொல்லவில்லை என்று அர்த்தம். பத்து கமெண்டைப் படியுங்கள், எப்பேர்ப்பட்ட கூட்டம் என்று தெரிந்துவிடும்.

நீளத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2020 ஜூலையிலிருந்து எட்டு நிமிடமும் அதற்கு மேலும் ஓடுகிற வீடியோவின் நடுவில் விளம்பரம் வைக்கலாம், அதற்கு முன் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. ஒரு சின்னக் கேலியை எட்டு நிமிடம் இழுக்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? கோழி நிரப்பியது போதாமல் லாவா ஊற்ற வேண்டும், லாவா போதாமல் வீட்டையே வெடிக்க வேண்டும். அடுத்த வாரம் இதைவிடப் பெரிதாக. ஒரு சேனலின் பழைய வீடியோ தலைப்புகளையும் புதிய தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இந்த ஏற்றம் தெரியும்.

பேச்சைப் பற்றி. கெட்ட வார்த்தைக்கு பீப் போட்டிருப்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். ஒரு நாள் மகள், எந்த பீப்புக்குள் எந்த வார்த்தை என்று வரிசையாகச் சொன்னாள். அதைவிட எனக்கு உறுத்துவது பீப்பே போடாத கேலி. குண்டு, கறுப்பு, திக்கிப் பேசுவது, 'பொண்ணு மாதிரி ஆடாதடா' என்பது. பெண் குரல் பிராங்க் வீடியோக்களில் குட்டு வெளிப்பட்டதும், 'ஒன்பது' என்ற எண்ணை வைத்துத் திருநங்கைகளைக் கேவலப்படுத்தும் அந்தப் பழைய வசவு சர்வ சாதாரணமாக வந்து விழுகிறது. எந்த இயந்திர வடிகட்டிக்கும் ஒன்பது என்பது ஓர் எண்தான். மறுநாள் வகுப்பில் உங்கள் பிள்ளை அதைச் சொல்லிவிட்டு வரும்.

பேய் ரகத்துக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. பிள்ளை ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை என்றால் நிறுத்துங்கள், அவ்வளவுதான். ஹீரோபிரைன் என்று ஒரு வெள்ளைக் கண் பேயைப் பற்றிக் கேட்டால், 2010-ல் இணையத்தில் யாரோ கிளப்பிவிட்ட கதை அது, கேமுக்குள் அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்று சொல்லுங்கள். கேமைச் செய்த மோஜாங் நிறுவனமே புதிய பதிப்புகளின் மாற்றப் பட்டியலில் 'ஹீரோபிரைன் நீக்கப்பட்டார்' என்று எழுதி எழுதிக் கிண்டலடித்திருக்கிறது. இதைச் சொன்னதும் என் தங்கை மகனுக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதிக்கு, இல்லாதவனை எதற்கு நீக்கினார்கள் என்று கேட்டான், நியாயமான கேள்வி.

பணம் போகிற வழியையும் பார்த்துவிடுங்கள். பிராங்க் வீடியோக்களின் விவரப் பகுதியில் இலவச ரோபக்ஸ், இலவச டைமண்ட் (இரண்டும் கேமுக்குள் செல்லும் காசு), இந்த மோடை இறக்கினால் நீங்களும் நண்பனை ஏமாற்றலாம் என்று லிங்க் கிடக்கும். விளம்பரம் என்பது நம்மை வாங்க வைக்கிற முயற்சி என்பதே எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-ல் சொன்னது, இங்கே அதற்கு மேல் ஏமாற்றும் சேர்ந்திருக்கிறது. ரோபக்ஸ் யாரும் சும்மா தருவதில்லை. ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க்கில் வருகிற ஆப், எதையும் இறக்கக் கூடாது, ஓடிபி வந்தால் யாருக்கும் படித்துச் சொல்லக் கூடாது, இந்த இரண்டையும் மட்டும் சட்டமாகவே போட்டுவிடுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

பெரிய பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2017 டிசம்பரில், கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில் ஒன்றரை டாலர் பந்தயத்தில் தொடங்கிய சண்டைக்காக ஒருவன் அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்து முகவரி ஒன்றைச் சொல்லிப் போலீஸுக்குப் பொய் அழைப்பு விடுத்தான். சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வாசலுக்கு வந்தார், போலீஸ் சுட்டதில் செத்துப்போனார். அழைத்தவனுக்கு இருபது ஆண்டு சிறை. ஒன்பது வயதுக்கு இது வேண்டாம். பதினாலு வயதில், லைவ்ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் வீட்டுக்குப் போலீஸை அனுப்புவதை விளையாட்டாகப் பார்க்கிற பிள்ளைக்கு வேண்டும்.

சரி, பார்த்தாயிற்று, பிடிக்கவில்லை, என்ன செய்வது? போனைப் பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போனில் பார்ப்பார்கள். அந்த வீடியோவின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கொடுங்கள், ஆட்டோபிளேயை அணையுங்கள். அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வீடியோவைப் பார்த்து, நடுவில் நிறுத்தி, இப்ப அந்த அண்ணாவுக்கு எப்படி இருக்கும், இது நிஜமா நடிப்பா, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். பாடம் நடத்தாதீர்கள், கண்டுபிடிப்புப் போட்டி மாதிரி விடுங்கள். என் மகள் இப்போது நடிப்பைப் பிடிப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். "அம்மா, இவங்க வீட்டுல பெட்டி எல்லாம் காலியா இருக்கு பாருங்க, வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு முன்னாடியே எடுத்துட்டாங்க" என்று அவள் காட்டிய இடத்தை நான் கவனிக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் அவர்களாகவே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். டிஎன்டி வைப்பதற்கு முன்னால் உலகத்தை நகல் எடுக்க வேண்டும், நகல் இல்லாவிட்டால் கோழி மட்டும்தான். அவன் ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள், இருக்கிற முட்டையை எல்லாம் எறிந்து எறிந்து என் மகளுடைய வீட்டுக்குள் கோழிக் கூட்டம் ஒன்றை அடைத்துவிட்டான். கதவைத் திறந்தவள் அப்படியே ஒரு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் கத்திக்கொண்டே அவனைத் துரத்தினாள், திரைக்குள்ளும் ஹாலிலும். இடிந்த வீட்டை இருவரும் சேர்ந்து திருப்பிக் கட்டிவிட்டார்கள். வாசலில் மறுபடியும் இரண்டு நாய் நிற்கிறது. மணி, ஜிம்மி என்று நான் கூப்பிட்டால் மட்டும் அவன் திருத்துகிறான்: "அது வேற நாய், பெரியம்மா."